மூப்புப் பட்டியல் இல்லாத தொழில்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன் 'மூத்த கவிஞர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வாழ்த்துரைக்கு வேறு பலர் வந்திருக்கிறார்கள். ஆகவே அந்த அடைமொழியைப் பற்றியே பேசலாம் என்று எண்ணுகிறேன்.

கோவையில் கவிஞராய் அறியப்பட்டோரில் பலர் தமிழாசிரியர்கள். ஆசிரியப் பணியில் மூப்பு ஐயத்திற்கு இடமில்லாதது. பணியில் சேர்ந்த நாள், அன்று முற்பகலா பிற்பகலா என்பது உட்படப் பதிவேட்டில் இருக்கும். நம் கொங்கு நாட்டுத் திருமணங்களில் சீர் செய்யும் அருமைக்காரரை எண்ணிப் பாருங்கள். நரை மட்டும் ஒருவரை அருமைக்காரர் ஆக்குவதில்லை. மணமாகி, மக்கட்பேறு பெற்று, அதற்குரிய சடங்கும் செய்யப்பெற்றிருக்க வேண்டும். அதன்பின் அவர் மூப்பை ஊரில் யாரும் வினவுவதில்லை. கவிதைக்கோ பதிவேடும் இல்லை, சடங்கும் இல்லை. நேற்று வரை 'அண்ணா' என்று அழைத்த இளைஞர் ஒருநாள் 'அய்யா, நல்லாருக்கீங்களா' என்கிறார். நமக்குக் கிடைக்கும் பதவி உயர்வு ஆணை அதுதான். ஊதிய உயர்வு அதில் கிடையாது.

1971-இல் இதே கோவையில் 'வானம்பாடி' இதழ் தோன்றியது. அதை இளைஞர் எழுச்சி என்றே நினைவுகூர்கிறோம். ஆனால் புவியரசு அப்போதே நாற்பதை எட்டியிருந்தார். சிற்பிக்கு முப்பத்தைந்து, பொள்ளாச்சிக் கல்லூரிப் பேராசிரியர், 1963-லேயே 'நிலவுப் பூ' வெளியிட்டு மரபுக் கவிஞராய் அறியப்பட்டவர். ஈட்டிய பெயரை வைத்துக்கொண்டு அரங்கத் தலைமைகளிலேயே அவர் காலங்கழித்திருக்கலாம். புதுக்கவிதையில் அவர் அன்று புதியவராகவே நுழைந்தார். இருந்த மூப்பை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எளிதன்று. பின்னாளில் 'ஒரு கிராமத்து நதி'க்காக 2002-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தது. புவியரசின் 'கையொப்பம்' அவ்விருதை 2009-இல் பெற்றபோது அவர் எண்பதை நெருங்கியிருந்தார். விருதால் மூப்பு உறுதிப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. விருது பெற்ற நூல்கள் இரண்டும் பிற்கால நூல்கள். நான் கருதுவது அதைத்தான்.

இவர்களுக்கும் முன்னவர் ந. பிச்சமூர்த்தி. 1900-இல் பிறந்தவர். முப்பதுகளில் புதுமுயற்சியாய்க் கவிதைகள் எழுதினார். பிறகு நெடுங்காலம் கவிதையை விட்டு விலகியிருந்தார். 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது, ஏறத்தாழ அறுபதாம் வயதில், திரும்பி வந்தார். அவ்விதழில் உடன் எழுதியோரில் சிலர் அவர் பிள்ளைகளின் வயதினர். அந்தப் பக்கங்களில் அவர் கவிதை அவர்கள் கவிதைக்கு அருகில் தனியே நின்று தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. காத்துக்கொண்டது.

கோவை ஞானியை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். நீரிழிவால் பார்வை போனபின்னும், பிறர் வாசிக்கக் கேட்டும் தாம் சொல்லி எழுதுவித்தும் 'தமிழ் நேயம்' இதழை நடத்தினார். 2020-இல் அவர் மறைந்தார்.

என் செய்திக்கு வருகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டேன். கடைசித் தொகுதி வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் எழுதிய அணிந்துரைகள் நாற்பதுக்குக் குறையா. 'நன்று' என்று எழுதும்போது, அது நன்றாயிருப்பதால் எழுதுகிறேனா, அடுத்த நூலுக்கும் என்னைத் தேடி வரவேண்டும் என்பதால் எழுதுகிறேனா என்று பேனா சற்றே நின்றுவிடுகிறது. அவையில் உள்ள என் வயதினர் சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன்.

அண்மையில் திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருவர் தம் கவிதைகளைக் கொண்டுவந்தார். அவற்றில் 'கைமடி' என்றொரு சொல். அணிந்துரை கேட்டு வந்தவரிடமே பொருள் கேட்டேன். தையற்காரருக்கு அருகில் நின்று துணி எடுத்துக்கொடுக்கும் உதவியாளருக்கு அப்பெயராம். சாப்பாட்டு நேரத்தில் காலியாய்க் கிடக்கும் பொறியில் அமர்ந்து பழகித்தான் கைமடி தையற்காரராகிறார் என்றார். அந்தச் சொல் இருந்த கவிதை என் மூன்று தொகுதிகளிலும் இல்லாத வகையினது. அணிந்துரையில் அதை அப்படியே எழுதினேன். நெடுநாட்களுக்குப் பிறகு பேனா நிற்கவில்லை.

ஆண்டு பலவாகியும் நரை இல்லாதது எவ்வாறு என்று பிசிராந்தையாரைக் கேட்டனர். அவர் கூறிய காரணங்களில் இறுதியானது, தம் ஊரில் சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்பது. தம் புலமையை அவர் காரணமாய்ச் சொல்லவில்லை. வட்டம் நடத்துவோர் இதைக் கருத வேண்டும்.

நம் கவியரங்குகளில் ஒரு வழக்கம் படிந்துவிட்டது. மூத்தவர் தலைமை ஏற்பார், என்றோ அச்சான கவிதை ஒன்றை இறுதியில் படிப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். இளையவர் கவிதையில் சீர் தட்டினாலும் சொல் தட்டினாலும் எடுத்துக்காட்டுகிறோம். மூத்தவருக்கு அந்த நன்மை கிட்டுவதில்லை. பதினோராம் ஆண்டிலிருந்து மாதக் கூட்டங்களில் யாவரும் அச்சேறாத கவிதையோடு வரவேண்டும், படிக்கும் வரிசை பெயரின் அகரவரிசையாய் அமைய வேண்டும், எவர் கவிதையைப் பற்றியும் எவரும் பேசலாம் என்று செயற்குழு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்திற்கு நான் ஒரு கவிதையோடு வருகிறேன். இரண்டாம் பகுதி இன்னும் தடுமாறுகிறது.