மூடாத குழி



2023ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், நமக்கு அடுத்த தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே ஒரு வயலில் மூன்று யானைகள் மின்சாரம் தாக்கி இறந்து கிடந்தன. காட்டுப்பன்றிக்காகக் கட்டிய கம்பி அது. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்துக்கொண்டன. பெரிய யானைகளை விட்டுப் போகாமல் அவை அங்கேயே சுற்றி வந்ததைக் கைப்பேசியில் பார்த்தோம். பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டோம்.

யானை வேட்டை என்றால் நமக்கு வீரப்பன்தான் நினைவுக்கு வருவார். ஆப்பிரிக்காவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் உண்டு, இரண்டையும் சுட்டார்கள். இங்கே ஆணுக்கு மட்டுமே தந்தம் என்பதால் ஆணைத் தேடிக் கொன்றார்கள். அவர்களைப் பழிப்பது நமக்கு எளிது. ஆனால் மாரண்டஅள்ளியில் கம்பி கட்டியவர் தந்த வியாபாரி அல்லர், நம்மைப் போன்ற ஒரு விவசாயி. மறு ஆண்டே மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பகுதியில், ஆடுகளை அடித்துவந்த ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது.

அந்த விவசாயியின் கோபம் பொய் என்று நாம் சொல்ல முடியாது. கடன் வாங்கி நட்ட மரவள்ளியைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிண்டிப் போட்டால் எப்படி இருக்கும்? பட்டியில் நிற்கும் நாலு ஆடுதான் ஓர் ஏழை வீட்டின் வங்கி. மகளின் கல்லூரிக் கட்டணமும் அதுதான்.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் வருகிறது. குழி வெட்டி மூடாமல் விட்டவர், அதில் அடுத்தவர் மாடோ கழுதையோ விழுந்து செத்தால் ஈடு கொடுக்க வேண்டும். மாட்டைக் கொல்லவா அவர் வெட்டினார்? இல்லை. ஆனாலும் பொறுப்பு அவருடையது. குருமடத்தில் இதை வறண்ட பகுதி என்று வேகமாகத் தாண்டியிருக்கிறோம்.

முறையான சூரிய மின்வேலி, நொடிக்கு ஒருமுறை கண நேரம் அதிரவைத்து விலங்கை விரட்டும், உயிரை எடுக்காது. மின்கம்பத்திலிருந்து நேராக இழுத்த கம்பி அப்படியல்ல. பன்றி, யானை, இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்று அது ஆள் பார்க்காது. அது மூடாத குழி.

அதே நூலின் 23ஆம் அதிகாரம், ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடச் சொல்கிறது. அதில் விளைவதை எளியவர் உண்பார்கள். மிஞ்சியதைக் காட்டு விலங்குகள் தின்னும். விலங்குக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கை இன்று யார் தலையில் கட்டுகிறோம்? தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அரசு அறிவித்தது. நல்லது, மகிழ்ந்தோம். அந்தக் காட்டோரமாக ஓடி வரும் காவிரியைச் சேலத்திலும் நாமக்கல்லிலும் நாம் குடிக்கிறோம். யானை மிதித்த நஷ்டம் மட்டும் காட்டோரத்துக் குடும்பத்துக்கு.

பயிர்ச்சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. ஆனால் மனு, சிட்டா, அடங்கல், சேதத்தின் படம் என்று கேட்கும்போது, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் பாதியிலேயே விட்டுவிடுகிறார். கம்பியை எடுக்கிறார். நம் பங்குகளில் படித்த இளையோர் எத்தனை பேர்! மலையடிவாரப் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் இரண்டு பேர் கோவில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து அந்த மனுக்களை எழுதிக் கொடுக்கலாமே. மேசையும் நாற்காலியும் பங்கு இல்லத்தில் இருக்கின்றன.