வலையில் சிக்காத மடல்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில், மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் செயலாளர் போன் செய்தார். "நீ கம்ப்யூட்டர்காரன். நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தன் இன்பாக்ஸ்லயும் பத்தாயிரம் மெயில் கிடக்கு. அதைத் தானாகவே பிரிச்சு அடுக்கி வைக்கிறது எப்படின்னு இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றேன். ஆனால் அலுவலக மெயிலை வைத்துப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள் என்று தெரியும். மதிய வகுப்பில் நான் தூங்கியதைப் பார்த்தவர்கள் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊர்க் கதையாகச் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

நான் பழவேற்காட்டுக்காரன். விடுதியில் என்னைக் 'கருவாடு' என்று கூப்பிட்டவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, திருவள்ளூர் மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையதுதான். பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம் பக்கம். டச்சுக்காரன் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கே முகத்துவாரம். அது மணல் சேர்ந்தால் அடைக்கும், வெள்ளம் வந்தால் திறக்கும். எங்கள் ஜனங்களின் பாதி வாழ்க்கை அந்த வாயின் தயவில்தான்.

ஏரியில் எங்களுக்குப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் யார், எந்த நாளில், எங்கே சுத்து வலை கட்டுவது என்பது முறை வைத்து மாறி மாறி வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பங்கு உள்ளவர்கள் இதற்குக் கட்டுப்படுவார்கள். பங்கு இல்லாத ஊர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. எதற்குச் சொல்கிறேன் என்றால், சின்ன வயதிலிருந்தே எனக்கு 'விதி' என்றால் என்ன என்று தெரியும். இன்ன ஆள், இன்ன நாள், இன்ன இடம். மின்னஞ்சலைப் பிரிப்பதும் அவ்வளவுதான். இன்னார் அனுப்பியது, இன்ன தலைப்பு, இன்ன அறைக்குப் போ.

இந்த வேலை புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது நம்மில் சிலர் கறுப்புத் திரையில் மெயில் படித்தோமே, அந்தக் காலத்திலேயே யூனிக்ஸ் ஆட்கள் 'ப்ரோக்மெயில்' என்ற சிறு நிரலை வைத்து மடல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 2001-இல் இதற்கென்றே ஒரு மொழிக்குத் தரம் வகுத்தார்கள். அதன் பெயர் 'சீவ்', அதாவது சல்லடை. இன்றைக்கு ஜிமெயிலில் 'ஃபில்டர்' என்று நீங்கள் போடுவதும் அதே சங்கதிதான்.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் குப்பத்துப் பையன்கள் ஐந்தாறு பேர், என் அண்ணன் மகன் உட்பட, ஒரு பொது மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தார்கள். வானிலை அறிக்கை, ஐதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை உயர முன்னறிவிப்பு, எங்கே மீன் திரளும் என்ற தகவல், ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு எல்லாம் பல கைகள் வழியாக அந்த முகவரிக்கு வந்து சேரும். சாயங்காலம் ஒருவன் படித்துக் கோயில் மைக்கில் சொல்வான். இதுவும் நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 1998-இலேயே புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் நானே இவர்களுக்கு யோசனை சொன்னேன்.

கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவன் செல்போன் ரீசார்ஜுக்கு அந்த முகவரியைக் கொடுத்தான். இன்னொருவன் வேலைக்கு விண்ணப்பம் போட்டான். கபடிக் குழுவின் போட்டோக்கள் வேறு. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மடல். அதில் காற்று எங்கே, கடன் அட்டை விளம்பரம் எங்கே? அண்ணன் மகன் கூப்பிட்டான். "சித்தப்பா, நீங்கதான் ஏதாவது பண்ணணும். தேடுறதுக்குள்ள பொழுது போயிடுது."

எனக்கு ஒரே குஷி. ஊருக்கு ஏதாவது செய்யணும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு அல்லவா, அதுவும் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் என்றால்! ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பைத்தானில் நூறு வரிக்கு ஒரு நிரல் எழுதினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக எழுந்து, ஐமேப் என்ற வழியில் அஞ்சல் பெட்டிக்குள் போய், புது மடல்களைப் பார்க்கும். தலைப்பில் 'வார்னிங்' அல்லது 'எச்சரிக்கை' என்று இருந்தால் 'அவசரம்' என்ற அறைக்கு. தினசரி அறிக்கை என்றால் 'தினசரி'க்கு. எதிலும் சேராதது 'இதர'வுக்கு. ஒரு மழைக்காலம் முழுக்க அழகாக ஓடியது. பையன்கள் 'அவசரம்' அறையை மட்டும் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்றால் மைக்கைத் தொடவில்லை. நான் ஆபீசில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறு வருஷம் ஒரு நாள் விடியற்காலை அண்ணன் மகன் போன் செய்தான். என் அம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா, இன்னும் இரண்டு பேரோடு மூன்று மணிக்கு ஃபைபர் படகில் போயிருக்கிறார். முகத்துவாரத்தில் அலை எழும்பி, படகு கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இன்ஜினும் வலையும் போயே போச்சு.

பொன்னேரிக்கு ஓடினேன். கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாமா என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "மைக் ஒண்ணும் சொல்லலையே மாப்ளே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு ராத்திரி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எச்சரிக்கை முதல் நாள் சாயங்காலமே வந்திருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு மடல். ஒன்று வழக்கமான ஆங்கில அறிக்கை. அது தினமும் ஒரே தலைப்போடு வரும், எச்சரிக்கை உள்ளே மூன்றாவது பத்தியில் இருந்தது. என் நிரல் தலைப்பை மட்டும் பார்த்து 'தினசரி'யில் போட்டுவிட்டது. இரண்டாவது, அறிக்கைகளைச் சுருக்கி அனுப்பும் ஒரு நண்பரின் மடல். அவர் எப்போதும் ஆங்கில எழுத்தில் தலைப்பு போடுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தமிழிலேயே 'கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை' என்று எழுதியிருக்கிறார். அது 'இதர'வில் கிடந்தது, கபடி போட்டோவுக்குக் கீழே.

எச்சரிக்கை என்ற சொல் விதியில் இருக்கிறது, தலைப்பிலும் இருக்கிறது. பிறகு ஏன் பிடிக்கவில்லை? இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும். மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் ஆங்கில எழுத்துக்கு மட்டும் இடம் வைத்துச் செய்யப்பட்டவை. பிற மொழி எழுத்தை அனுப்ப 1990-களில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக உருமாற்றி, முன்னால் ஒரு சமக்குறி, கேள்விக்குறி, யூடிஎஃப்-8 என்று முத்திரை குத்தி அனுப்பும். நம் திரையில் மெயில் செயலி அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டுகிறது. என் நிரல் அந்த மூட்டையைப் பிரிக்காமல், மேலே ஒட்டிய சாக்கில் 'எச்சரிக்கை' என்று எழுதியிருக்கிறதா என்று தேடியது. எப்படிக் கிடைக்கும்? தமிழ்ச் சொல்லை விதியில் சேர்த்தவன் ஒரு தமிழ் மடல் அனுப்பி சோதித்துப் பார்க்கவில்லை. அந்தச் சோதனைக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று. நிரல் ஒவ்வொரு மடலையும் முழுதாக இறக்கியது. அப்படி இறக்கினால் அஞ்சல் பெட்டி அதைப் 'படித்தாயிற்று' என்று குறித்துக்கொள்ளும். ஆகவே யாருடைய போனிலும் மணி அடிக்கவில்லை. படித்ததாகக் குறிக்காமல் எட்டிப் பார்க்க 'பீக்' என்று தனியாக ஒரு கட்டளை உண்டு. எனக்கு அது தெரியும், சோம்பல்.

மடலைத் தொலைத்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரியது வேறு. நான் வருவதற்கு முன்னால் மைக் பேசாவிட்டால் அதற்கு அர்த்தம் கிடையாது. மாமா வானத்தைப் பார்ப்பார், வாடைக்காற்றைப் பார்ப்பார், கரையில் நாலு பேரைக் கேட்பார். நாங்கள் ஒரு வருஷம் ஒழுங்காகச் சொல்லிப் பழக்கிய பிறகு, மைக் சும்மா இருந்தால் 'போகலாம்' என்று ஆகிவிட்டது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலின்போது கன்னியாகுமரி ஜனங்கள் கேட்டதும் இதையொட்டிய கேள்விதான். ஆழ்கடலுக்கு ஏற்கெனவே போய்விட்டவனுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? நான் அதைப் பற்றி ஆபீசில் ஆவேசமாகப் பேசியவன்தான். என் மாமா கரையில்தான் இருந்தார். அவருக்கும் போய்ச் சேரவில்லை.

நிரலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் மகன் விடவில்லை. "வலை கிழிஞ்சா தச்சுத்தானே போடுவோம் சித்தப்பா" என்றான். உட்கார்ந்து தைத்தோம். தலைப்பைப் பிரித்துத் தமிழாக்கிய பிறகே தேடு என்று மாற்றினேன். அப்போதும் 'கொந்தளிப்பு' சில மடல்களில் சிக்கவில்லை. என்ன என்று பார்த்தால், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடில் வழி இருக்கிறது, அதையும் போட்டேன். தமிழாசிரியர் ஐயா முன்வரிசையில் சிரிக்கிறார். எழுத்திலக்கண வகுப்புக்கு நான் மட்டம் போட்டதற்கு இது தண்டனை, ஐயா.

பிறகு உள்ளடக்கத்திலும் தேட வைத்தேன். உடனே எதிர்ப் பிரச்சினை. 'எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது', 'எச்சரிக்கை ஏதும் இல்லை' எல்லாம் 'அவசரம்' அறைக்கு வந்து குவிந்தன. வலைக் கண்ணைச் சின்னதாக்கினால் குஞ்சும் குப்பையும் சேர்ந்துதான் வரும். அது பரவாயில்லை என்று முடிவு செய்தோம். அதிகமாக வந்தால் ஒருவன் உட்கார்ந்து படிக்கட்டும். விளம்பரம், வங்கி, கபடி என்று நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் நிரல் ஒதுக்கும். தெரியாதது எதுவாக இருந்தாலும் கண் முன்னாலேயே, படிக்காத மடலாகவே கிடக்கும். முன்பு நான் செய்தது இதற்கு நேர் தலைகீழ். அறிக்கையில் உலக நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி கூட்டி நம் நேரத்தைப் பக்கத்தில் எழுதும். எதையும் அழிக்காது. விதியை மாற்றினால் முதலில் பழைய மடல்கள் மேல் வெள்ளோட்டம், எதையும் நகர்த்தாமல் 'இதை இங்கே போட்டிருப்பேன்' என்று பட்டியல் மட்டும். அந்தப் பட்டியலைப் பையன்கள் படித்துச் சரி என்றால்தான் நிஜ ஓட்டம். உங்கள் ஆபீஸ் இன்பாக்ஸுக்கு எதையாவது எடுத்துக்கொள்வதானால் இந்த வெள்ளோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. இப்போது தினமும் ஆறு மணிக்கு மைக் பேசியே ஆகவேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும், "இன்னைக்கு அஞ்சே முக்கால் வரைக்கும் பார்த்தாச்சு, எச்சரிக்கை எதுவும் வரலை" என்று சொல்லவேண்டும். கரண்ட் போனாலோ நெட் இல்லாவிட்டாலோ ஒருவன் தெருத் தெருவாகப் போய் "பார்க்க முடியலை" என்று சொல்லவேண்டும். அப்படியும் சொல்லாவிட்டால், மைக் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம், வழக்கம்போல வானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மைக் ராத்திரியெல்லாம் பேசியது. அந்தக் குரல் தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் வரவில்லை என்று அண்ணன் மகன் சொன்னான்.

மாமாவுக்கு இடது கை இப்போதும் தோளுக்கு மேலே ஏறாது. துடுப்புப் போடுவதை விட்டுவிட்டார். கரையில் வலை தைக்கிறார். ஆறு மணி ஆனால் கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஐந்து நிமிஷம் தாமதமானால் எனக்கு நேராகப் போன் வரும். "மாப்ளே, இன்னும் பேசலை. என்ன, உன் மிஷினு தூங்குதா?"

நேற்றுகூட வந்தது. இந்தச் சந்திப்புக்குக் கிளம்பிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். பையன் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறான் மாமா என்று சொல்லி வைத்தேன்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். நிரல் வேண்டும் என்பவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள்.