மூட்டு நோயும் நம் கடமையும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மூட்டு நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தரமணியில் நம்முள் பலர் உடலுழைப்பை நம்பி வாழ்வோர். சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கையும் காலுமே முதல். தாயின் கை முடங்கினால், மகளின் படிப்பே முதலில் நிற்கிறது. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே.

மூட்டு வலிகள் எல்லாம் ஒன்றல்ல. வயதாலும் சுமையாலும் முழங்காலின் குருத்தெலும்பு தேய்வது ஒருவகை. நடந்தால் வலிக்கும், ஓய்ந்தால் தணியும். முடக்குவாதம் வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது அது. பெண்களிடம் மிகுதி, இளவயதிலும் வரும். காலையில் விரல்கள் நெடுநேரம் விறைத்திருத்தலும், இரு கை மூட்டுகளும் ஒருசேர வீங்குதலும் அதன் அறிகுறிகள். மூன்றாவது, சிக்குன்குனியா. 1964இல் சென்னையைத் தாக்கிய இக்காய்ச்சல் 2006இல் தமிழகத்தில் மீண்டும் பரவியது. காய்ச்சல் விட்ட பின்னும் பலருக்கு மூட்டு வலி பல மாதங்கள் நீடித்தது. அதைப் பரப்பும் கொசு, தேக்கிவைத்த நன்னீரில் வளர்வது. எனவே தண்ணீர்க் குடத்தை மூடிவைப்பதும் மூட்டைக் காக்கும் வழியே.

'தலையெழுத்து' என்று பொறுத்திருத்தல் தகாது. முடக்குவாதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருந்துண்டால் விரல்கள் கோணாமல் காக்கலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வலியை விரைவில் மறைக்கும். நாளடைவில் எலும்பை நலிவிக்கும், சர்க்கரையை ஏற்றும். முடக்குவாதத்திற்கு மருத்துவர் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. சீட்டைப் படித்து இதனை எடுத்துரைக்க வீட்டில் ஒரு படித்த பிள்ளை வேண்டும்.

வலிக்கு அஞ்சி முற்றிலும் படுத்துவிடலாகாது. தொடைத் தசையின் வலுவே முழங்காலுக்கு ஊன்றுகோல். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டிச் சில நொடிகள் நிறுத்தும் எளிய பயிற்சியே பெரும் பயன் தரும்.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனித்துறை உண்டு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறைப் பயிற்சியை இல்லத்திற்கே கொண்டுவருகிறது. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் தொடங்கிய தன்னார்வ மருத்துவ அமைப்பின் மருத்துவமனை நம் தரமணியிலேயே உள்ளது.

இளைஞர்களே! வாசலில் வசதியிருந்தும் தனியே செல்லத் தயங்கும் தாய்மார்கள் நம் தெருவில் உளர். ஆளுக்கொருவரை அழைத்துச் செல்வோம். சீட்டைப் படித்துச் சொல்வோம். கற்ற கல்விக்கு நாம் செலுத்தும் முதல் கடன் அதுவே.