இறுதிச் சுற்றில் இதயத் துடிப்பு



2024 ஆகஸ்டு முதல் நாள் காலை சுவப்னில் குசாலேவால் எதையும் உண்ண இயலவில்லை. வயிறு கலங்கியது, பால் கலவாத தேநீர் மட்டும் அருந்திவிட்டுக் களத்துக்குச் சென்றார். அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் பிரிவில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார். இப்பிரிவில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த அவர் பயிற்சி பெற்றது புனேயில், பாலேவாடி விளையாட்டு வளாகத்தில். அவ்வளாகம் 1994ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுப்பப்பட்டது.

வயிற்றைக் கலக்கியது எது? சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள், நெருக்கடியின்போது அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் பின்தள்ளப்படுகிறது. தேர்வு மண்டபத்து வாயிலில் நின்ற மாணவர் எவருக்கும் இது புதிதன்று. ஓட்டக்காரருக்கும் மற்போர் வீரருக்கும் இச்சுரப்பு பெருந்துணை. துப்பாக்கி வீரருக்கோ பாதி துணை, பாதி பகை. 50 மீட்டருக்கு அப்பால் அவர் குறிவைக்கும் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு நாடித் துடிப்பே குழலின் முனையை அசைத்துவிடும்.

ஆகவே துடிப்பை மருந்தினால் அடக்கும் ஆசை எழுவதுண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு, புரோப்ரனலால் என்னும் இதய மருந்தை உட்கொண்டது கண்டறியப்பட்டு, வென்ற இரு பதக்கங்களையும் இழந்தார். துப்பாக்கி சுடுதலில் அவ்வகை மருந்துகளுக்குத் தடை உண்டு.

எஞ்சியிருப்பது பழக்கம் ஒன்றே. அப்பழக்கம் எளிதில் வருவதன்று. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் குசாலே அணிப் போட்டியில் தங்கம் பெற்றார். தனிநபர் இறுதிச் சுற்றிலும் முன்னணியில் இருந்தார். அந்நிலையில் ஒரே ஒரு குண்டு 7.6இல் பாய்ந்தது. நான்காம் இடமே கிட்டியது. திறமை குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் கூறுவது பொருந்தாது. வெற்றி அருகில் வந்ததும் எழும் கிளர்ச்சி, தோல்வியின் அச்சத்தைவிட எவ்விதத்திலும் எளியதன்று.

பாரிஸில் மண்டியிடு நிலை முடிந்தபோது அவர் ஆறாவது. படுத்த நிலைக்குப் பின் ஐந்தாவது. நின்ற நிலையின் முதல் பத்துக் குண்டுகள் முடிந்தபோது 411.6 புள்ளிகளுடன் மூன்றாவது. துடிப்பு மிகுந்தே இருந்ததாகவும், மூச்சை மட்டும் கவனித்ததாகவும், புதிதாக எதையும் முயலவில்லை என்றும் பின்னர் அவர் தெரிவித்தார். மூச்சை நீளமாக வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே தணிகிறது. விசையை அழுத்த அந்த இடைவெளி போதும். கிளர்ச்சி ஓர் அளவுவரை செயலை உயர்த்தி, அதற்குமேல் கெடுக்கும் என்ற யெர்க்ஸ், டாட்சன் இருவரின் 1908ஆம் ஆண்டுக் கருத்து இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் சோதித்தது எலிகளை என்பதையும் மறத்தல் ஆகாது!

அலுவலர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. குசாலே 2015 முதல் ரயில்வே ஊழியர். ஒலிம்பிக்கின்போது டிக்கெட் பரிசோதகராக இருந்தார். தோற்றாலும் மாதச் சம்பளம் நிற்காது என்னும் உறுதி, களத்தில் நிற்பவரின் மனச்சுமையை ஓரளவேனும் குறைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைச் சலுகையாக மட்டும் கருதுவோர் இப்பயனைக் கணக்கில் கொள்வதில்லை. ரைபிள் வாங்கிய செலவு இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. மனப் பயிற்சியாளர் ஒரு மணி நேரம் உடனிருந்தது எப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. எனவே நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கதும் உண்டு. இக்கால இறுதிச் சுற்றுகள் அமைதியில் நடப்பதில்லை. இசை ஒலிக்கிறது, பார்வையாளர் கைதட்டுகின்றனர். மாவட்டப் பயிற்சித் தளங்களிலோ ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வாரம் ஒருநாள் பள்ளி மாணவரை அழைத்து வந்து அமர்த்தி, அவர்கள் ஆரவாரத்தின் நடுவே ஓர் இறுதிச் சுற்றை நடத்திப் பார்க்கலாம். அதற்குத் தேவை சில பெஞ்சுகளும் ஓர் ஒலிபெருக்கியுமே.