தொழிலாளியின் மருத்துவக் குறிப்பு முதலாளியின் மேசைக்கா?

(அத்திபெலேயில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



அத்திபெலே சோதனைச்சாவடிக்குத் தெற்கே ஓசூர். வடக்கே ஆனேக்கல் வட்டத்தின் தொழிற்பேட்டைகள். இந்த எல்லையைக் கடந்து உழைப்பாளிகள் நாள்தோறும் வேலைக்கு வருகின்றனர். அவர்களது மருத்துவக் குறிப்பு மட்டும் பெரும்பாலும் எல்லையைக் கடப்பதில்லை. தமிழகத்தின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை பெறுபவர் இங்கே ஆலையில் மயங்கி விழுந்தால், கர்நாடக மருத்துவருக்கு அவரது வரலாறு தெரிவதில்லை. கர்ப்பிணிகளுக்கும் அங்கே பிக்மி பதிவு, இங்கே தாயி அட்டை.

ஆகவே மின்னணு மருத்துவப் பதிவேடு தேவையே. காசநோய்க்கான ‘நிக்ஷய்’ இணையதளம், ஓரிடத்தில் சிகிச்சை தொடங்கியவரை வேறு மாநிலத்து மையத்திற்கு மாற்ற வழி செய்கிறது. மருந்து இடையில் நின்றால் நோய் மருந்துக்கு அடங்காததாக முற்றக்கூடும் என்பதால், இது உயிர்காக்கும் ஏற்பாடு. அதே குறிப்பு மருத்துவரிடம் நிற்குமா, ஆலை மேலாளரின் மேசைக்கும் செல்லுமா என்பதில்தான் வர்க்கப் பிரச்சனை எழுகிறது.

2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தை மோடி அரசு நாடு முழுமைக்கும் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ‘ஆபா’ எண். பெறுவது அவரவர் விருப்பம் என்றது அரசு. எனினும் கோவிட் தடுப்பூசிக்கு ஆதாரைக் காட்டிய பலருக்கு, அவர்கள் அறியாமலேயே இவ்வெண் உருவாக்கப்பட்டது. ஒப்புதலின் இலட்சணம் இதுதான்!

2023 ஜனவரி முதல் பதிவுகளுக்கு ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் மருத்துவமனைக்கு 20 ரூபாய். மென்பொருள் நிறுவனங்களுக்கும் பங்கு அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டும் ஆஷா ஊழியர்களோ 2025 ஜனவரியில் பெங்களூரு சுதந்திரப் பூங்காவில் இரவும் பகலும் அமர்ந்து போராட நேர்ந்தது. ஊக்கத்தொகையை இணையதளப் பதிவுடன் பிணைத்ததால் செய்த வேலைக்கே கூலி மறுக்கப்படுகிறது என்பது அவர்களது குறைகளுள் ஒன்று.

சட்டத்தின் வரலாறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2018இல் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ‘திஷா’ சட்ட வரைவு, மருத்துவத் தரவை வணிக நோக்கில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. காப்பீட்டு நிறுவனங்கள், மருந்து நிறுவனங்கள் என்பவற்றோடு ‘வேலையளிப்போர்’ என்ற சொல்லும் அத்தடையில் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. அவ்வரைவு சட்டமாகவில்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு இல்லை. அதன் 7ஆவது பிரிவோ, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் ஒப்புதலின்றியே தரவைக் கையாள இடமளிக்கிறது. நோயுற்ற தொழிலாளியை ‘இழப்பு’ என்று கணக்கிடாத முதலாளி யார்? ஒப்பந்தத் தொழிலாளிக்குக் காசநோய் எனத் தெரிந்தால் பணிநீக்க ஆணைகூடத் தேவையில்லை; மறுநாள் வேலைக்கு அழைக்காமல் விட்டால் போதும்.

இங்கிலாந்தில் நோயாளிகளின் குறிப்புகளை மையப்படுத்தித் திரட்டும் திட்டம் 2021இல் அறிவிக்கப்பட்டபோது, 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகல் தெரிவித்தனர், திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இந்தியாவிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. எச்.ஐ.வி. தொடர்பான 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்கு நிபந்தனையாக அப்பரிசோதனையைக் கோருவதைத் தடை செய்கிறது. நெடுங்காலப் போராட்டத்தின் பயன் அது. அதே பாதுகாப்பு காசநோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் அனைத்துக்கும் விரிவாக வேண்டும். 7ஆவது பிரிவின் அந்த வாசகம் நீக்கப்பட வேண்டும். பதிவேடு பொது மருத்துவத்துறையின் பொறுப்பில் இரு மாநிலங்களுக்கும் பொதுவாக அமைய வேண்டும்.

அதுவரை ஆலை மருத்துவ முகாம்களில் நீட்டப்படும் படிவங்களைக் கிளைத் தோழர்கள் முதலில் வாங்கிப் படித்து, தமிழிலும் கன்னடத்திலும் தொழிலாளர்க்கு விளக்கிய பின்னரே கையொப்பமிடச் செய்வது உடனடிக் கடமையாகும்.