எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். எண்ணெய் வயல்களில் எஃகுக் குழாய்கள் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. துரு என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து உடைக்கும் எதிரி ஒருவன் இருக்கிறான். இன்று அவனைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சில வயல்களில் எண்ணெயோடும் எரிவாயுவோடும் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து வரும். நம் வேதியியல் ஆய்வகத்தில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான். வயலில் இதை 'சவர் கேஸ்', அதாவது புளிப்பு வாயு என்பார்கள். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் சிறிது நேரத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. இன்னும் சில மடங்கு கூடினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இங்கே குழாய் உடைவது என்பது வெறும் பண நஷ்டம் அல்ல.

சரி, இது எஃகை என்ன செய்கிறது? இந்த வாயு தண்ணீரில் கரைந்து இரும்பை அரிக்கும்போது, எஃகின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. சாதாரணமாக இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாக வெளியேறிவிடும். ஆனால் சல்பைடு இருக்கும் இடத்தில் ஜோடி சேர விடாது. தனித்து நிற்கும் அணு மிகச் சிறியது அல்லவா? நேரே எஃகுக்குள் நுழைந்துவிடுகிறது.

உள்ளே போன பிறகு இரண்டு விதமான சேதம். முதலாவது, எஃகை உருட்டும்போது தட்டையாக நீண்டுவிட்ட மாங்கனீசு சல்பைடு துணுக்குகளின் ஓரத்தில் இந்த அணுக்கள் கூடி, அங்கே ஜோடி சேர்ந்து வாயுவாகிவிடும். மூடி போட்ட பாத்திரத்தில் இட்லி மாவு பொங்குவதுபோல அழுத்தம் ஏறும். தகடு உள்ளுக்குள்ளேயே கொப்புளித்துப் படிப்படியாகப் பிளக்கும். இதற்கு வெளியிலிருந்து இழுவிசைகூட வேண்டாம்.

இரண்டாவது இன்னும் கொடியது, சல்பைடு தகைவு விரிசல். கடினமான எஃகு, இழுவிசை, ஹைட்ரஜன் மூன்றும் ஒன்று கூடினால் எஃகு கண்ணாடிபோல முறியும், முன்னறிவிப்பே இருக்காது. வலுவான எஃகு பாதுகாப்பானது என்று படித்து வந்த நமக்கு இது தலைகீழ்ப் பாடம். இங்கே கடினம் கூடக் கூட ஆபத்து! வெப்பம் கூடினால் மோசமாகும் என்பீர்கள். அதுவும் இல்லை. அறை வெப்பநிலையை ஒட்டித்தான் இது மிக மோசம்.

1951-இல் பிரான்சின் லாக் என்ற இடத்தில் சுமார் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு கொண்ட வாயு கிடைத்தது. அப்போது புழக்கத்தில் இருந்த எஃகுக் குழாய்கள் தாங்கவில்லை. தாங்கும் எஃகை உருவாக்கிய பிறகு 1957-இல்தான் உற்பத்தி தொடங்கியது. இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து பிறந்ததுதான் 1975-இல் வெளியான நேஸ் எம்.ஆர். 0175 என்ற விதி. இன்று அது ஐ.எஸ்.ஓ. 15156. சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது பொதுவாக விதிக்கும் எல்லை ராக்வெல் சி அளவில் 22, அதாவது விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 250.

விதி வந்துவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கஜகஸ்தானில் காஸ்பியன் கடலின் வடபகுதியில் உள்ள கஷாகான் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. அதே மாதம் 24-ஆம் தேதி வாயுக் குழாயில் கசிவு. சரிசெய்து திறந்தார்கள், மறுபடியும் கசிவு. அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். சோதித்ததில் தெரிந்தது சல்பைடு தகைவு விரிசல். எண்ணெய்க் குழாய், வாயுக் குழாய் இரண்டும் சேர்ந்து சுமார் 200 கிலோமீட்டர் நீளத்தையும் மாற்றினார்கள். 2016 அக்டோபரில்தான் எண்ணெய் மறுபடி வந்தது. உலகின் பெரிய கம்பெனிகள் கூட்டாகக் கட்டிய வயலுக்கே இந்தக் கதி.

விரிசல் பெரும்பாலும் எங்கே ஆரம்பிக்கிறது? வெல்டிங் ஓரத்தில். வெல்டிங் வேகமாகக் குளிர்ந்தால் பக்கத்து எஃகு கடினமாகிவிடும். நான் வேலை பார்த்த ஒரு வளைகுடாத் தளத்தில், பழுது பார்த்த ஒரு மூட்டின் கடினம் 280 காட்டியது. முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டிங் செய்திருந்தார்கள். "தண்ணீர் அழுத்தச் சோதனையில் பாஸ் ஆயிடுச்சே, விடுங்கப்பா" என்றார் திட்ட மேலாளர். ஐ.டி.ஐ. படித்த ராமநாதபுரத்துக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், அனுபவசாலி, அமைதியாகச் சொன்னார்: "தண்ணிக்கு ஒழுகாது சார். கேஸ் வந்த பிறகுதான் ஒழுகும். நான் கையெழுத்துப் போட மாட்டேன்." மூட்டை வெட்டி மறுபடி வெல்டிங் செய்தோம். இரண்டு நாள் தாமதம், ஏகப்பட்ட திட்டு. ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெறும் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு கிடையாதே!

தம்பி தங்கைகளே, வழிகள் தெரிந்தவைதான். கந்தகம் குறைந்த, கால்சியம் சேர்த்துப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங்குக்கு முன் சூடு, தேவையானால் பின்னும் சூடு. வாயுவிலிருந்து ஈரத்தை நீக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடினத்தை அளப்பது. நம் உலோகவியல் ஆய்வகத்தில் நிற்கிற விக்கர்ஸ் கருவியை மதிப்பெண்ணுக்காக மட்டும் தொடாதீர்கள். நாளைக்கு அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் முகமூடி இல்லாமல் குழாய்ப் பக்கத்தில் நிற்பார்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலைகளில் விரிசல் விட்ட துண்டுகள் கிடைத்தால், முறையாக அனுமதி வாங்கி நம் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். முறிந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்த மாணவன், பின்னாளில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பான்.