எஞ்சின் மாறிய கார்



கார் என்னும் சொல் நம் இலக்கியத்தில் மேகத்தைக் குறிக்கும், மழைக்காலத்தையும் குறிக்கும். நான் இன்று பேசப் புகுந்தது சாலையில் ஓடும் காரைப் பற்றி. முழக்கத்தில் மட்டும் அது வானத்துக் காருக்கு இளைத்ததன்று.

என்னிடம் பயின்ற மேல்வகுப்பு மாணவன் ஒருவன் ஒருமுறை, "ஐயா, சிறிய காரில் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டால் அது பந்தயக் கார் ஆகிவிடாதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது; ஆனால் நெடுங்காலம் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே, அவன் கேட்டதை அப்படியே செய்து பார்த்த ஒருவருடைய வரலாற்றை விடையாகச் சொன்னேன். அதனை இங்கே சற்று விரித்துரைக்கிறேன்.

இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் ஏ.சி. என்றொரு சிறு கார்த் தொழிற்சாலை இருந்தது. அவ்விரண்டு எழுத்துகளின் பொருள் ‘ஆட்டோ கேரியர்’, அதாவது சாமான் சுமக்கும் வண்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைச் சரக்கை வீடுதோறும் கொண்டு சேர்க்கும் மூன்று சக்கர வண்டியைச் செய்து விற்றவர்கள் அவர்கள். அதே நிறுவனம் 1953ஆம் ஆண்டில் ‘ஏஸ்’ என்னும் அழகிய திறந்த காரை வெளியிட்டது. இருவர் அமரலாம், மேனி முழுதும் அலுமினியத் தகடு. ஆனால் உள்ளே இருந்த எஞ்சினோ 1919ஆம் ஆண்டை ஒட்டி உருவானது! பேரனுக்குப் பாட்டனாரின் கோட்டை அணிவித்தது போலத்தான். 1956 முதல் பிரிஸ்டல் நிறுவனத்தாரின் இரண்டு லிட்டர் எஞ்சினும் அதில் இடம் பெற்றது; அது ஏறத்தாழ 125 குதிரைத் திறன் தந்தது. 1961ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நிறுவனத்தார் அந்த எஞ்சினைக் கைவிட்டனர். ஏ.சி. நிறுவனத்தார் வேறு எஞ்சினைத் தேட வேண்டியவர் ஆயினர்.

இந்தச் செய்தி அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்பவருடைய செவிக்கு எட்டியது. அவர் டெக்ஸாஸ் மாநிலத்தவர். கோழிப் பண்ணை வைத்து, நோயில் கோழிகள் மாண்டு, நொடித்துப் போனவர். பிறகு கார்ப் பந்தயத்தில் இறங்கினார். பிரான்ஸ் நாட்டில் லெ மான் நகரில் ஆண்டுதோறும் 24 மணி நேரம் இடைவிடாது நடக்கும் பந்தயத்தில், 1959ல் ராய் சால்வடோரி என்பவரோடு மாறி மாறி ஓட்டி முதலிடம் பெற்றார். ஆனால் அவருக்கு இளமை முதலே இதய நோய். மாத்திரையை நாவின் அடியில் அடக்கிக்கொண்டு பந்தயம் ஓட்டிய மனிதர் அவர்! 1960ஆம் ஆண்டோடு ஓட்டுவதை விட்டார். (1990ல் மாற்று இதயம் பொருத்தப்பெற்று, 2012ல் தமது 89ஆம் வயதில் காலமானார்.) ஓட்ட முடியாதவர் ஆனபின், பிறர் ஓட்டுவதற்குத் தமக்கென ஒரு காரை ஆக்க வேண்டும் என்ற வேட்கை அவருக்குப் பிறந்தது. 1961 செப்டம்பரில் ஏ.சி. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் காரில் அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தித் தர இயலுமா என்று.

அவ்வேளையில் ஃபோர்டு நிறுவனம் புதிய எஞ்சின் ஒன்றை உருவாக்கியிருந்தது. அதுவும் வார்ப்பிரும்பால் ஆனதே. ஆனால் சுவர்களை மிக மெல்லியதாக வார்க்கும் முறையைக் கையாண்டிருந்தார்கள். அதனால் எட்டு சிலிண்டர் இருந்தும், முன்னிருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைவிட எடை அதிகம் கூடவில்லை. திறனோ 260 குதிரை. பழையதைப்போல் இரு மடங்கு! 1962 பிப்ரவரியில் எஞ்சின் இல்லாத முதல் வண்டி கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தது. நண்பர் ஒருவரின் பட்டறையில் வைத்து, எட்டு மணி நேரத்துக்குள் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பொருத்தி, சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பெயர் தமக்குக் கனவில் தோன்றியது என்பார் ஷெல்பி. ‘கோப்ரா’, அதாவது நல்ல பாம்பு.

பத்திரிகையாளர்கள் ஒவ்வொருவராக அதனை ஓட்டிப் பார்க்க வந்தார்கள். இருந்ததோ ஒரே வண்டி. ஷெல்பி ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு வண்ணம் பூசிக் கொடுத்தார். பல வண்டிகள் தயாராகிவிட்டன என்று உலகம் நம்பிற்று. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் அதே பிள்ளைகளை வேறு வகுப்பில் உட்கார வைத்து எண்ணிக்கை காட்டும் வித்தை இது. இத்தகைய வித்தையைப் பள்ளிக்கூட உலகில் நான் கண்டதே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்ததா? இல்லை, அப்போதுதான் தொடங்கிற்று. வெள்ளையடிக்க வருபவர் கொண்டுவரும் மூங்கில் ஏணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதனை நிறுத்திச் சார்த்தினால் ஆளைத் தாங்கும். ஆனால் ஒருவர் ஒரு முனையையும் மற்றொருவர் மறு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். ஏஸ் காரின் அடிச்சட்டம் அத்தகைய ஏணியே: மூன்று அங்குலப் பருமனுள்ள இரண்டு எஃகுக் குழாய்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். சக்கரங்களைத் தாங்குவது, லாரிகளில் நாம் காண்பது போன்ற பட்டை ஸ்பிரிங், குறுக்காக வைத்தது. 125 குதிரைக்கு இவை போதும். 260 குதிரை வந்து முறுக்கும்போது, அந்த விசை எங்கெங்கே செல்கிறதோ அங்கங்கே உள்ள மிக மெலிந்த உறுப்பைத் தேடிப் பிடிக்கும். அதை வலுப்படுத்தினால் அடுத்த மெலிந்த உறுப்புக்குப் போகும்.

பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்து கொடுக்கும் டிபரன்ஷியல் முதலில் மாற்றப்பட்டது. ஜாகுவார் கார்களில் உள்ளது போன்ற வலியதொன்றை இட்டார்கள். முதல் வண்டியில் அதன் பக்கத்திலேயே அமைந்திருந்த பின் பிரேக்குகள், பின்னர்ச் சக்கரங்களுக்கே கொண்டு செல்லப்பட்டன. பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. வேகம் இரு மடங்கானால் அந்த வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை உங்கள் பாடப் புத்தகமே சொல்லும். எஞ்சினைப் பெரிதாக்க ஆசைப்படுவோர் இந்தப் பாடத்தைப் படித்தும் மறந்துவிடுகிறார்கள்!

1962 அக்டோபரில் கலிபோர்னியாவின் ரிவர்சைட் பந்தயக் களத்தில் கோப்ரா முதன்முறையாகப் போட்டியில் இறங்கிற்று. பில் கிராஸ் என்பவர் ஓட்டினார். கொர்வெட் கார்களை எல்லாம் பின்னே தள்ளி நெடுந்தூரம் முந்திச் சென்றார். திடீரென்று பின்சக்கரம் ஒன்று கழன்றது. அச்சின் முனை முறிந்துவிட்டது. எஞ்சின் பழுதின்றி இருந்தது; கார் களத்தின் ஓரத்தில் நின்றது. தேர்வில் ஒரு கேள்விக்கு நூற்றுக்கு நூறு எழுதி, மற்றொன்றைத் தொடாமலே விட்ட மாணவனுடைய நிலை! அந்த உறுப்பை வலிதாக்கினார்கள். 1963ன் தொடக்கத்தில் அதே களத்தில் கோப்ராக்களே முதலிரண்டு இடங்களையும் பிடித்தன. அவ்வாண்டில் பழைய முறை ஸ்டியரிங்கையும் நீக்கி, பல்சட்டமும் பல்சக்கரமும் கொண்டு துல்லியமாகத் திருப்பும் அமைப்பை வைத்தார்கள்.

இப்பிழைகளைத் தேடிக் கண்டதில் பெரும்பங்கு கென் மைல்ஸ் என்னும் ஆங்கிலேயருடையது. 2019ல் வந்த திரைப்படம் ஒன்றின் வாயிலாக உங்களுட் பலர் அவர் பெயரை அறிந்திருக்கலாம். அவர் ஓட்டுநர் மட்டுமல்லர். ஓட்டும்போதே எந்த உறுப்பு இடர்ப்படுகிறது என்று உணரவல்ல பொறியறிஞர். ஒரு நாள் முழுதும் களத்தைச் சுற்றி வந்து, ஒரு சிறு மாற்றம் செய்து, மீண்டும் சுற்றுவார். 1966 ஆகஸ்டில், அதே ரிவர்சைடில், ஃபோர்டின் புதிய மாதிரிக் கார் ஒன்றைச் சோதித்துக் கொண்டிருந்தபோது விபத்தில் உயிர் நீத்தார். சோதனை என்னும் சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்துக் குறுக்கே நின்றது காற்று. லெ மான் களத்தின் நீண்ட நேர்ச்சாலையில் திறந்த கோப்ரா மணிக்கு 160 மைலை, அதாவது 257 கிலோமீட்டரை ஒட்டி நின்றுவிடும். இத்தாலியின் ஃபெராரிக் கார்களோ அதைக் கடந்து பறந்தன. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கேற்பப் பெருகும். 160ஐ 180 ஆக்க வேண்டுமானால் எஞ்சின் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். பீட்டர் பிராக் என்ற இளைஞர் எஞ்சினைத் தொடவில்லை, மேனியை மாற்றினார். கூரை மூடி, பின்புறம் கத்தியால் நறுக்கியது போன்று முடியும் வடிவத்தை வரைந்தார். அந்த நறுக்கிய வடிவத்தை ஏற்கெனவே ஆராய்ந்தவர் காம் என்னும் ஜெர்மானியர். பார்ப்பதற்கு அழகில்லை என்று ஷெல்பியின் பட்டறையிலேயே சிலர் முணுமுணுத்தனர். கார் 180 மைலைத் தாண்டியதும் முணுமுணுப்பு அடங்கிற்று. 1964ல் லெ மான் பந்தயத்தில் டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் அதனை ஓட்டித் தம் பிரிவில் முதலிடமும், அனைவருள்ளும் நான்காம் இடமும் பெற்றனர். 1965 ஜூலை 4ஆம் நாள் பிரான்சின் ரைம்ஸ் நகரில் அப்பிரிவின் உலகப் பட்டம் உறுதியாயிற்று. அந்த நாள் அமெரிக்கரின் விடுதலை நாள். ஷெல்பி அதை எத்தனை முறை சொல்லி மகிழ்ந்திருப்பார்!

இனி, இவை எல்லாம் பந்தயக் களத்துக்கு மட்டுமா, ஊர்ச் சாலைக்குமா? அப்பிரிவில் கலந்துகொள்ள, அந்த வகைக் காரில் 100ஆவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. எனவே பந்தயத்துக்குச் செய்த கார் சாலையிலும் விற்றாக வேண்டும். 1965ல் ஏழு லிட்டர் எஞ்சினோடு இன்னும் வலிய கோப்ராவைச் செய்தார்கள். இம்முறை பாடம் கற்றிருந்தார்கள்: எஞ்சினை மட்டும் மாற்றவில்லை. அடிச்சட்டக் குழாய்கள் மூன்றங்குலத்திலிருந்து நான்கங்குலம் ஆயின. பட்டை ஸ்பிரிங் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. சக்கரத் தாங்கிகளின் கோணங்களை ஃபோர்டு பொறியாளர் கம்ப்யூட்டர் கொண்டு கணக்கிட்டனர்.

ஆயினும் அதிகாரிகள் எண்ண வந்த நாளில் 51 பந்தய வண்டிகளே முடிந்திருந்தன. இம்முறை வண்ணம் பூசித் தப்ப வழியில்லை. விதிப்படி அவை தகுதியிழந்தன. எஞ்சிய ஏறத்தாழ 30 வண்டிகள் வாங்குவாரின்றி நின்றன. அவற்றுக்கு முன்கண்ணாடி வைத்து, ஓசை அடக்கும் சைலன்சர் மாட்டி, சாலையில் ஓட்டத்தக்க பந்தயக் கார் என்று விற்றார்கள்.

நம் நாட்டில் இப்படிச் செய்துவிட முடியாது என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட அமைப்பு, தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தியிருக்கிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவை அதிரச் செய்யும் நம் பிள்ளைகள் செய்வது கோப்ராவின் கதையைத் தலைகீழாக்குவதாகும். அங்கே பந்தய வண்டிக்குச் சைலன்சர் மாட்டிச் சாலைக்குக் கொணர்ந்தார்கள்.

அன்று விலை போகாமல் நின்ற அந்த 30 வண்டிகளே இன்று கோப்ராக்களுள் மிகவும் தேடப்படுவன. பல வண்ணம் பூசிய முதல் வண்டியை மட்டும் ஷெல்பி தம் வாழ்நாள் முழுதும் விற்கவில்லை. அவர் மறைந்தபின், 2016ல் நடந்த ஏலத்தில் அது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று.